கஸ்பாரின் ஆம்ப்ளிஃபயர் ஊளையிட்ட நாள்

ராயப்பர் திருவிழாவுக்குக் கஸ்பார் செய்த ஆம்ப்ளிஃபயரா, வாடகைக் கடையின் பழைய குழாய் ஒலிபெருக்கியா என்பதை விழாக் கமிட்டித் தலைவர் தாமஸ் நாலு மணிக்கு வந்து முடிவு செய்வதாக இருந்தார். மூன்றரைக்குக் கஸ்பார் வீட்டில் ஆம்ப்ளிஃபயர் ஊளையிட்டது.

"இன்னா நைனா, நாயைப் புட்ச்சி உள்ள போட்டுட்டியா?" என்றான் தாவூது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுபவன், கஸ்பாரின் தோஸ்து.

கஸ்பார் பதறவில்லை. சுவிட்சை அணைத்தான்.

"அமெரிக்காவுல ஒருத்தன் ஃபெர்ரியில வேலைக்குப் போய்க்கினே யோசிச்சான். கையில இருந்த நியூஸ் பேப்பர் மேலயே எழுதினான். வெளிய வர்ற சத்தத்துல ஒரு துளியைத் தலைகீழா உள்ள அனுப்பு, இந்தக் கண்ணாடி வால்வு பண்ற தப்பை அதுவே கழிச்சிடும். இன்னா மூளை பாரு! அப்புறம் பிரிட்டன்ல ஒருத்தன் அந்த வழியில வூட்டுல பாட்டு கேக்கறதுக்கு ஆம்ப்ளிஃபயர் கட்டி, கணக்கு மொத்தமும் பத்திரிகையில போட்டான். ஒளிச்சி வெக்கல. அதனாலதான் ராயபுரத்துல என் கையால இது ஆவுது."

"அப்ப ஏன் கத்துது?"

"கழிக்க வேண்டியதைக் கூட்டுது. எங்கியோ திசை மாறிக் கீது."

கஸ்பாரின் பார்வை டிரான்ஸ்ஃபார்மரில் நின்றது. கம்பிச் சுற்றை இடப்பக்கமாக அவன்தான் தொடங்கினான். விரல் மரத்துப்போன பிறகு, ஸ்பீக்கருக்குப் போகும் கடைசிச் சுற்றைத் தனிக் கம்பியில் தாவூது சுற்றினான்.

"நீ எந்தப் பக்கமா சுத்தினே?"

தாவூதின் கை காற்றில் வலப்பக்கம் வட்டமிட்டது. "கயிறுன்னா இப்படித்தான். மாத்திச் சுத்தினா மேஸ்திரி கையை ஒடிப்பான்."

கஸ்பார் சிரித்துவிட்டான். பிரிக்கத் தேவையில்லை, அந்தச் சுற்றின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் போதும். ஈயப் புகை அடங்குமுன் சுவிட்சைப் போட்டான்; ஊளை இல்லை.

தாமஸ் வந்தார். வாசல் ஸ்பீக்கரில் பாட்டுத் தட்டு ஓடி முடிந்தது. உதட்டைப் பிதுக்கினார். "குழாய் மாதிரி காதைக் கிழிக்கலையே."

கஸ்பார் மைக்கை மேசையில் வைத்தான். கனன்ற வால்வுகளைப் பார்த்த தாமஸ், தாவூதிடம் குனிந்து முணுமுணுத்தார்: "ஹில்டா வூட்டு அடுப்பு கூட இவ்ளோ சூடாவாது, புகைதான் வரும்."

தெருக்கோடிக் குழாயடியிலிருந்து கஸ்பாரின் மனைவி ஹில்டா கத்தினாள்: "அண்ணே! யார் அடுப்புல புகை?"

தாமஸ் மைக்கைப் பார்த்தார். தெருக்கோடியைப் பார்த்தார்.

"முணுமுணுத்தது கூடவா கேக்குது?"

"ஒவ்வொரு எழுத்தும்," என்றான் கஸ்பார்.

"கோயிலுக்குக் கொண்டாந்துடு," என்றார் தாமஸ், மைக்கிலிருந்து நாலடி விலகி நின்று.