பின்விரல் நகம்

துளைகள் வழியே அலகுகள் நீண்டு நீண்டு வந்தன, அட்டைப் பெட்டியின் நான்கு பக்கமும் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அலகு வெளியே வந்து காற்றைக் கொத்திவிட்டு உள்ளே போகிறது, கண்டக்டர் படியில் நின்றபடியே பெட்டியை என் கையில் வைக்கிறார், உங்க பேருக்குத்தான் பெரியவரே, கூலியெல்லாம் கட்டியாச்சு, ஒட்டன்சத்திரம் தாண்டிக் கரட்டுப் பிரிவுல ஏத்துனது, பஸ் போய்விட்டது, ஊர் மந்தையில் நான் நிற்கிறேன், டீக்கடை பெஞ்சு முழுவதும் என்னைப் பார்க்கிறது, கையில் சுமை தூக்காமல் இந்தத் தெருவில் நடந்த குடும்பம் எங்களுடையது, அன்று உச்சி வெயிலில் கோழிக்குஞ்சுப் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நடந்தேன், முதுகை வளைக்கவில்லை, உள்ளே நகங்கள் அட்டையைச் சுரண்டிக்கொண்டே வந்தன, அந்தச் சூடு சட்டையைத் தாண்டி என் மேல் இறங்கியது.

பொன்னழகு வரவழைத்தவை அவை, என் மனைவி, தெருவில் எல்லாப் பெண்களும் இப்போது இப்படித்தான், போனில் சொல்கிறார்கள், போனிலேயே பணம் போகிறது, பண்ணையிலிருந்து குஞ்சு பஸ் ஏறி வருகிறது, தாயின் இறக்கைச் சூடு தெரியாத, மிஷினில் பொரித்த குஞ்சுகள், நம் வீட்டுக்கு இது தேவையா என்றேன், கோழி இல்லாத வாசலு என்னய்யா வாசலு, விடிஞ்சு எந்திரிச்சா மயானமாக் கெடக்கு, என்றாள், ஒரு வருஷமாக எங்கள் வாசலில் கோழி இல்லை, தவமணி போன நாளிலிருந்து இல்லை. எங்கள் ஒரே மகள், தீவன லாரி ஓட்டி வந்தவனோடு போனாள், அவன் பெயரை இந்த வாயால் நான் சொல்வதில்லை, அவன் எந்தத் தெருக்காரன் என்பதை ஊர் சொல்லிக்கொண்டது. அன்று சின்னக்காளை, என் உடன்பிறந்த தம்பி, ஒரே வாசலுக்கு எதிரெதிரே எங்கள் இரண்டு வீடும், தவமணி வளர்த்த கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காலைத் திருப்பி நகம் பார்த்து அறுத்தான். எங்கள் ஊரில் கோழிகள் எல்லார் வாசலிலும் மேயும், சண்டை வரக்கூடாது என்று வீட்டுக்கு ஒரு நகம் உண்டு, குஞ்சு பொரித்ததுமே அந்த நகத்தின் நுனியை நறுக்கிச் சுண்ணாம்பு தொட்டு வைத்துவிடுவார்கள், பிறகு அது வளராது, மூத்தவன் வீட்டுக்கு இடதுகால் பின்விரல், பாகம் பிரிந்தபோது சின்னக்காளை வலதுகாலை எடுத்துக்கொண்டான், நகம் வெட்டுவது பெண்கள் வேலை, எங்கள் வீட்டில் பாவாடை கட்டிய நாளிலிருந்து தவமணிதான் வெட்டினாள், குஞ்சைத் தன் கன்னத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, அதற்கு வலிக்கும் முன்பே முடித்துவிடுவாள். அவ கை பட்டது ஒண்ணும் இந்த வாசல்ல நடக்கக்கூடாது என்று அறுத்தான் சின்னக்காளை, அந்தக் கையைக் கழுவாமலே கோயிலுக்குப் போய், எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான், கண்ட எடத்துல முடிச்சிருவேன், ரெண்டு பேரையும், கூட்டம் என் முகத்தைப் பார்த்தது, நான் வாய் திறக்கவில்லை, மூத்தவன் பேசாமல் இருந்தால் சம்மதம் என்பது எங்கள் வழக்கம்.

நெல் வைக்கிற உள்ளறையில் உமி பரப்பி, பெரிய கூடையைக் கவிழ்த்து, அதற்குள் குண்டு பல்பைத் தொங்கவிட்டாள் பொன்னழகு, கருப்பட்டி கரைத்த தண்ணீரில் ஒவ்வொன்றின் அலகையும் தொட்டுத் தொட்டு எடுத்தாள், குடிக்கத் தெரியாத பிறவிகள், நொய்யை இறைத்துத் தரையில் விரலால் தட்டினாள், விரலைத் தாயின் அலகென்று நினைத்து அவையும் தட்டின, வீடு முழுக்கக் கீச்சென்று நிறைந்துவிட்டது, ஆனால் சில சமயம் காரணமே இல்லாமல் எல்லாம் ஒரே நொடியில் அடங்கிவிடும், அந்த அமைதியில் நான் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பேன், யார் வந்தது என்று கேட்பேன், யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஒரு சாயங்காலம் மழை, கரண்ட் போயிற்று, பொன்னழகு கடைக்குப் போயிருந்தாள், குஞ்சுகள் கத்திய கத்தலில் இருக்க முடியவில்லை, கூடையைத் தூக்கிக் கையை உள்ளே வைத்தேன், அத்தனையும் என் கை மேல் ஏறிக்கொண்டன, விரல்களுக்கு இடையில், மணிக்கட்டின் அடியில், எதற்கும் ஒதுங்காத கை இது, அதன் அடியில் அவை ஒதுங்கின, என் கட்டைவிரல் ஒரு குஞ்சின் காலைத் தடவியபோது அந்த இடம் வந்தது, இடதுகால், பின்விரல், நுனி இல்லை, மொட்டையாக, வழவழவென்று. இன்னொன்றை எடுத்தேன், அதுவும், இன்னொன்று, அதுவும். எந்தப் பண்ணை மிஷினுக்கு எங்கள் வீட்டு நகம் தெரியும். கரண்ட் வந்தபோது நான் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன், பொன்னழகு வாசல்படியில் நின்று பார்த்தாள், அவளும் கேட்கவில்லை நானும் கேட்கவில்லை, குஞ்சுகளை வெளியே விடாதே என்று மட்டும் சொன்னேன், பருந்தா, என்றாள், ஆமாம் என்றேன்.

மதியத் தூக்கத்தில் அதே கனவு வரும், சின்னக்காளை வாசலில் குந்தியிருக்கிறான், கையில் ஒரு குஞ்சு, காலைத் திருப்புகிறான், திரும்பியது குஞ்சின் கால் இல்லை, குழந்தையின் கால், வெள்ளித் தண்டை போட்ட சின்னக் கால், அவன் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறான், விழித்தால் எதிர்வீட்டில் அவன் சிரிப்புச் சத்தம் கேட்கும். அடைத்துவைத்த குஞ்சுகளுக்கு இறகு முளைத்தது, ஒன்றின் முதுகை இன்னொன்று கொத்தியது, இரண்டு நொண்ட ஆரம்பித்தன, வெயிலு படாம காலு வளையுதுய்யா, இப்படியே வச்சிருந்தா உசிரோட பொதச்ச மாதிரி, என்றாள் பொன்னழகு, யாரைப் பற்றிச் சொன்னாள் என்று எனக்கு விளங்கியது. சின்னக்காளை நத்தம் சந்தைக்குப் போன திங்கட்கிழமை, கதவைத் திற என்றேன்.

அவை வரவில்லை, வாசல்படியின் விளிம்பில் வரிசையாக நிற்கின்றன, மண் என்றால் என்னவென்று தெரியாமல், முதலில் நொண்டிக் குஞ்சு ஒன்று விழுந்தது, விழுந்த இடத்தில் ஒரு எறும்பைக் கண்டது, அவ்வளவுதான், மற்றதெல்லாம் குதித்தன, வெயிலில் இறக்கையை விரித்துப் படுத்தன, மண்ணை வாரித் தங்கள் மேலேயே போட்டுக்கொண்டன, பொன்னழகு முறத்தால் வாயை மூடிக்கொண்டு நின்றாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நான் பார்க்கவில்லை. அப்போது ஒரு நிழல் வாசலைத் தாண்டியது, வேப்பமரத்துக்கு மேலே பருந்து, ஒரு வட்டம், கீழிறங்கி இன்னொரு வட்டம், குஞ்சுகள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை, சொல்லிக்கொடுக்கத் தாய் இல்லாதவை, நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது, தொண்டையின் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கரகரவென்று, கோழி பருந்தைக் கண்டால் போடுகிற அதே சத்தம், குஞ்சுகள் விறைத்து நின்றன, பிறகு ஓடி வந்து என் காலடியில் புகுந்தன, துண்டை விரித்து அவற்றின் மேல் குனிந்திருந்தேன், இந்த ஊர் பார்த்திராத என் முதுகு வளைந்திருந்தது. என்னண்ணே, என்றது ஒரு குரல், அடைக்கு உக்காந்திட்டியா.

சின்னக்காளை சந்தையிலிருந்து சீக்கிரமே திரும்பியிருந்தான். மதினி, அண்ணன் எந்திரிச்சதும் முட்டைய எண்ணிப் பாருங்க, என்று சிரித்துக்கொண்டே வந்தான், என் துண்டுக்கடியிலிருந்து ஒரு குஞ்சை எடுத்தான், நல்ல சாதியா இருக்கே, என்றான், எங்கள் ஊரில் யார் குஞ்சை எடுத்தாலும் செய்வதைத்தான் அவன் கையும் செய்தது, காலைத் திருப்பியது. சிரிப்பு அவன் முகத்திலேயே இருந்தது, அதற்குள் மட்டும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. யாருண்ணே வெட்டுனது. நான்தான், என்றேன். எங்கள் வீட்டில் பொய் சொன்ன ஆண் கிடையாது. அவன் என் கைகளைப் பார்த்தான், நம்ம வீட்ல ஆம்பள நகம் வெட்டி நான் பாத்ததில்லையேண்ணே. இப்பப் பாத்துக்க, என்றேன். அவன் குஞ்சைத் தரையில் இறக்கிவிட்டான், மெதுவாக, ஒற்றை விரலால் அதன் முதுகைத் தடவிக்கொடுத்து, பத்திரமா வளருங்க, வெளிய வந்துட்டா எங்க இருந்தாலும் பருந்து பாத்துரும், என்றான், பொன்னழகுவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான், சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் போகாமல், மந்தைப் பக்கம் நடந்தான்.

பொன்னழகு போனை எடுத்தாள், ஒரு வருஷமாக எனக்குத் தெரியாமல் எடுத்த போனை என் முன்னாலேயே எடுத்தாள், அடித்துக்கொண்டே இருந்தது, அவ எடுக்க மாட்டாய்யா, பண்ணை உள்ள போறப்ப கேட்ல போன வாங்கி வச்சிருவாங்க, ஆறு மணிக்குத்தான் கையில குடுப்பாங்க, போலீசுக்குச் சொல்லுவமா, என்றாள், நம் வீட்டு விஷயத்தை ஸ்டேஷனில் கொண்டுபோய் வைப்பதா, என்றேன், அவள் என்னை ஒருநாளும் பார்க்காத விதமாகப் பார்த்தாள். பெட்டியை எடு, என்றேன், அவ அனுப்புனது நமக்கு வேண்டாம், இந்த வீடு யாருகிட்டயும் கை நீட்டுனதில்ல, நானே கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துட்டு வர்றேன். பரணிலிருந்து அதே பெட்டியை இறக்கினாள், வளர்ந்துவிட்டதால் பாதிக் குஞ்சுகள்தான் அடங்கின, கயிற்றைக் கட்டியபடி, தலை நிமிராமல் சொன்னாள், கரட்டுப் பிரிவுல எறங்கி மேக்கால நடக்கணும், பழைய மில்லுக்குப் பின்னாடி பெரிய கேட்டு, மாசமா இருக்கா, வேகமா நடக்க முடியாது அவளால. நான் கேட்டேனா, என்றேன். கேக்கல, என்றாள்.

பெட்டி என் மடியில் இருக்கிறது, அதே பஸ், ஜன்னலோரம், துளைகள் வழியே அலகுகள் நீண்டு நீண்டு வருகின்றன, இப்போது பெரிய அலகுகள், காற்றைக் கொத்துகின்றன, வெயிலைத் தெரிந்துகொண்டுவிட்டதால் வெயில் பக்கமாகவே வருகின்றன, அதே கண்டக்டர், என்ன பெரியவரே, ஊர் பிடிக்கலையா இதுகளுக்கு, என்று டிக்கெட் கிழிக்கிறார், உங்க தம்பி இப்பத்தான் மந்தையில கேட்டுக்கிட்டிருந்தாரு, எங்க ஏத்துனதுன்னு, அவருக்கும் குஞ்சு வேணுமாம்ல, வெவரமாச் சொல்லிட்டேன், மில்லுக்குப் பின்னாடி போங்க, ஆறு மணிக்கு ஆளுக வெளிய வரும், எதுன்னாலும் பெட்டி ஏத்திவிட்ட அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுக்கிறலாம்னு. நல்லது, என்றேன். நத்தம் போகிறது, திண்டுக்கல் போகிறது, நான் பேசாமல் இருந்த கோயில் முற்றம் ஜன்னலில் ஓடுகிறது, ஓடுவது அதுவா வேறொரு கோயிலா, டிரைவரைப் பார்த்துக் கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லலாம், வாயைத் திறக்கிறேன், யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத வாய். பின்னால் ஒரு ஹாரன், விடாமல், ஒரு மோட்டார் சைக்கிள் ஜன்னலுக்குக் கீழே வருகிறது, ஓட்டுவது சின்னக்காளையின் மகன், பின்னால் சின்னக்காளை, தொடைக்கும் வண்டிக்கும் நடுவில் சாக்கில் சுற்றி நீளமாக ஒன்று, அண்ணாந்து பார்க்கிறான், என்னைக் கண்டுவிட்டான், பெரியவரைக் கண்டால் தம்பி செய்யவேண்டிய மரியாதையை மறக்கவில்லை, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான், அப்படியே என்னைத் தாண்டிப் போனான், பஸ்ஸின் நிழலைத் தாண்டி, வெயிலுக்குள்.

என் தொண்டையின் அடியிலிருந்து அந்தச் சத்தம் மறுபடி வந்தது, கரகரவென்று, பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், மடியில் அத்தனை அலகுகளும் ஒரே நொடியில் உள்ளே போய்விட்டன, ஒரு நாள் வெயிலில் கற்றுக்கொண்டுவிட்டன, நான்கு பக்கமும் வெறும் துளைகள், உள்ளே இருட்டு, ஒரு நகம்கூட அசையவில்லை, இந்தச் சத்தம் கேட்க வேண்டிய ஒருத்திக்கு இது கேட்காது, இன்னும் அவள் உள்ளேதான் இருக்கிறாள், ஆறு மணிக்கு அந்தப் பெரிய கேட்டைத் திறப்பார்கள், கையில் போனை வாங்கிக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மெதுவாக வெளியே வருவாள்.