மூடிவைத்த கார்

மணியம் குனிந்து கார் கவரின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியதைக் கண்டதும் குளோரியா ஜெபத்தின் நடுவிலேயே எழுந்துவிட்டாள். கூடாரத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் சவப்பெட்டியை இன்னும் மூடவில்லை, தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிகிறது, பெற்ற மகள் காரைப் பார்த்து ஓடுகிறாள். யார் என்ன நினைத்தாலும் அவளால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"மாமா, விடுங்க மாமா. அத ஏன் இப்ப."

"நீ போய் ஒக்காரும்மா, நான் பாத்துக்கறேன்." மணியத்தின் தோளில் சிவப்பும் கறுப்புமாக ஜம்பர் வயர் தொங்கியது. "பேட்டரி கொங்கு, உசிரே இல்லனு நேத்து சொன்னியே. பக்கத்து டிவிஷன்ல ஒருத்தன்கிட்ட வயர் வாங்கியாந்தேன். அஞ்சு நிமிஷ வேலைலா."

"வொர்க்‌ஷாப்புக்குப் போன் பண்ணிருக்கேன் மாமா. அவங்க வருவாங்க."

"அவன் எப்ப வர்றது? மூணு மணிக்குக் கோயில் வண்டி வந்துரும். ரெம்பாவ் கல்லறைக்கு ஒங்கம்மா எதுல போறது? என் வேன் சீட்டு இன்னும் காயல."

மணியம் பக்கத்து வீட்டுக்காரர். முப்பது வருடம் தோட்டத்து லோரி ஓட்டியவர், இப்போது வேனில் காய்கறி ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாக விற்கிறார். நேற்று அப்பா அருளப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்த வேன்தான். இன்று காலை ஏழு மணிக்கெல்லாம் அவர் வேனின் கதவுகளைத் திறந்துவைத்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி, சவுக்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிவப்பாக ஓடிய தண்ணீர் கொஞ்ச நேரத்தில் வெளுத்தது. அதைக் குளோரியா சன்னல் வழியாக நின்று பார்த்தாள்.

அந்தக் கவரை வாங்கியவர் அப்பா. ரெம்பாவ் பசார் மாலாம் இரவுச்சந்தையில் சாம்பல் நிறத்தில், இரண்டு அளவு பெரியதாக வாங்கிவந்தார். செனாவாங் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகள் புதுக் கார் வாங்கிவிட்டாள் என்பதைத் தோட்டத்தில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்த கையோடு, அந்தக் காருக்கு எத்தனை எதிரிகள் என்று கணக்கெடுக்கவும் ஆரம்பித்திருந்தார். லயத்து வீடுகளுக்குப் பின்னால் மிச்சமிருக்கும் ரப்பர் பால்மரங்கள், வெடித்து விழும் கொட்டைகள், வவ்வால்கள், கோழிகள், பந்தாடும் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளோரியா வந்து இறங்கினால் முதலில் காரை மூடவேண்டும், அப்புறம்தான் தேத்தண்ணி. கவரின் ஓரங்களைச் சைக்கிள் டியூப் துண்டுகளால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுவார். அவர் போட்ட முடிச்சை அவரே வந்தால்தான் அவிழ்க்க முடியும்.

நேற்று அவளே இரண்டு முடிச்சுகளை அவிழ்த்தாள்.

மூன்று மணி இருக்கும். அப்பா வாசற்படியில் வாந்தியெடுத்தார். கறுப்பாக ஒரு முறை, பிறகு சிவப்பாக. அம்மா அவரைத் தாங்கிக்கொண்டு, "காடிய எடும்மா" என்றாள். குளோரியா சாவியோடு ஓடினாள், குனிந்தாள், டியூப்பை இழுத்தாள். ஒன்று அவிழ்ந்தது. இரண்டாவதும் அவிழ்ந்தது. கவரைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அப்பாவின் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. கைலியும் நனைந்து, காலோடு வழிந்துகொண்டிருந்தது. நாற்றம் அவள் நின்ற இடம்வரை வந்தது. இருக்கைகள் வெளிர்நிறத் துணி. கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக்கைப் போன மாதம்தான் கிழித்துப் போட்டிருந்தாள்.

யோசித்துச் செய்ததாக இருந்தால்கூட அவள் தன்னை ஒரு வழியாகத் திட்டித் தீர்த்திருப்பாள். யோசிக்கவே இல்லை. கவர் கையிலிருந்து கீழே இறங்கியது, வாய் தானாகப் பேசியது.

"பேட்டரி கொங்கும்மா. நான் மணியம் மாமாவக் கூப்பிடுறேன்."

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். மணியத்தைக் கூப்பிட்டாள், அவர் வேறு தோட்டத்தில் இருந்தார், வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த இருபத்தைந்து நிமிடமும் வீட்டுக்குள் போகாமல் சாலை முனையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேனில் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவளும் அவள்தான், அப்போது தன் பாவாடை நனைவதைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டபோது, "மூணரை" என்று அரைமணி நேரத்தை மறைத்துச் சொன்னாள். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவள் கேட்கவில்லை. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அவளால் தாங்க முடியாது.

இன்று விடியற்காலையில் தம்பி ரியான் ஜொகூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். அழுது முடித்தபிறகு வெளியே வந்து காரைப் பார்த்தான்.

"இவ்ளோ காசு போட்டு வாங்கி என்னாக்கா புண்ணியம்? நேரம் பாத்து கொங்காவுது பாரு."

"ஆமாண்டா" என்றாள்.

அந்த 'ஆமாண்டா'வைக் காப்பாற்றுவதற்காக அவள் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசியது. ஆட்கள் கூடாரம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கவரை ஒரு பக்கம் தூக்கிக் காருக்குள் நுழைந்தாள். முன்விளக்கைப் போட்டுவிட்டு, பூனைபோல வெளியே வந்தாள். அப்பா உள்ளே வெள்ளைத் துணியில் கிடக்கிறார், மகள் பேட்டரியைச் சாகடிக்கப் பார்க்கிறாள். அதுவாவது நடந்ததா என்றால் அதுவும் இல்லை. புதுக் காருக்கு அவளைவிட அறிவு இருந்தது. அரைமணி நேரம் கழித்து வந்து பார்த்தால் விளக்குகள் தானாகவே அணைந்திருந்தன.

மணியம் கடைசி முடிச்சையும் அவிழ்த்துவிட்டார். கவரைச் சுருட்டிப் பின்பக்கமாக இழுத்தார். வெயிலில் கார் பளிச்சென்று வெள்ளையாக நின்றது. ஒரு கீறல் இல்லை, ஒரு எச்சம் இல்லை.

"கதவத் தொறம்மா. பானெட்டத் தூக்கணும்."

சாவியை அழுத்தினாள். பழக்கத்தில் அழுத்திவிட்டாள். கார் இரண்டு முறை கூவி, நான்கு மூலையிலும் மஞ்சள் விளக்கைச் சிமிட்டியது.

மணியத்தின் கை வயரின் மேல் நின்றது. முப்பது வருடம் வண்டியோடு வாழ்ந்த மனிதருக்கு யாரும் எதையும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அவர் விளக்கைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"ஸ்டார்ட் பண்ணு" என்றார் மெதுவாக.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். இந்த இரண்டு நாளில் எத்தனையோ ஜெபம் சொல்லியிருந்தாள், மனம் ஒன்றிச் சொன்னது இது ஒன்றுதான். ஆண்டவரே, எடுக்காமல் போகட்டும். பொத்தானை அழுத்தினாள். கார் முதல் அழுத்தலிலேயே உயிர்பெற்று, சத்தமே இல்லாமல் ஓடியது.

ரியான் கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்தான். "எடுத்துருச்சா மாமா?"

"எடுத்துருச்சி, எடுத்துருச்சி" என்றார் மணியம். "வயர வச்சதும் புடிச்சிக்கிச்சி. புதுக் காடிலா."

வயர் அவர் தோளைவிட்டு இறங்கவே இல்லை. பானெட்டும் திறக்கவில்லை. ரியான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான்.

"மாமா, நான் நேத்து..."

"நேரமாவுது. போய் அம்மாவக் கூட்டியா" என்று சொல்லிவிட்டு அவர் வயரைச் சுற்றிக்கொண்டே தன் வீட்டுப் பக்கம் நடந்தார். நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் தோளைத் தொட்டு நான்கைந்து தடவை ஆறுதல் சொல்லியிருந்தார். இப்போது சொல்லவில்லை.

கோயில் வண்டி சரியாக மூன்று மணிக்கு வந்தது. பெட்டியை மூடினார்கள். அம்மா சத்தம் போட்டு அழவில்லை, ஆணி அடிக்கும்போது மட்டும் ரியானின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரியான் பெட்டியோடு வண்டியில் ஏறினான். அம்மா அந்தோனியம்மாள் தனியாகக் காரை நோக்கி நடந்து வந்தாள்.

குளோரியா பின்கதவைத் திறந்துவைத்தாள். அம்மா ஏறவில்லை. செருப்பைக் கழற்றி ஒன்றோடு ஒன்று தட்டி மண்ணை உதிர்த்தாள். கக்கத்தில் மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து உதறி, இருக்கையின் மேல் விரித்தாள். ஓரங்களை இழுத்துவிட்டு உள்ளங்கையால் தடவிச் சுருக்கம் எடுத்தாள்.

"அதெல்லாம் வேணாம்மா. சும்மா ஒக்காரு."

"இருக்கட்டும். காலைலேருந்து பெட்டிகிட்டயே கெடந்தேன், மெழுகெல்லாம் ஒட்டியிருக்கு." அம்மாவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வேன் வர்ற வரைக்கும் ஒங்கப்பா அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. காடிய கேக்காத, சீட்டு வெள்ளத் துணி, புள்ள ஆசயா வாங்குனதுனு."

ஏறி உட்கார்ந்து கதவை அவளே சாத்திக்கொண்டாள்.

கோயில் வண்டி மெதுவாக நகர்ந்தது. செம்பனைகளுக்கு நடுவில் போகும் செம்மண் சாலை போன வார மழையில் குழிகுழியாக இருந்தது. குளோரியா எவ்வளவு பார்த்து ஓட்டினாலும் கார் ஏறி இறங்கியது. கண்ணாடியில் அம்மா தெரிந்தாள். சாய்ந்து உட்காராமல், துண்டின் இரண்டு ஓரங்களையும் கைகளால் பிடித்திருந்தாள். ஒவ்வொரு குழியிலும் துண்டு நழுவியது. ஒவ்வொரு முறையும் அம்மா லேசாக எழுந்து, அதை நேராக்கிவிட்டு, மறுபடியும் உட்கார்ந்தாள்.