சாம்பிள்காரர் வீட்டுக் கரண்ட்

சாம்பிள்காரரின் மனைவி கையில் எடுத்த பல்பு எரிந்தது. வயரும் இல்லை, ஸ்விட்சும் இல்லை. பாதி நாள் கரண்ட் இல்லாத ஊர் அது. பூமிக்கடியில் உலகத்துக்கே பேட்டரி செய்யும் அளவுக்குத் தாது கிடந்தது. வெட்டியதெல்லாம் ரயிலேறித் துறைமுகத்துக்குப் போய்விடும், ஊருக்குப் புழுதிதான் மிச்சம். அதனால் பல்பு எரிந்ததில் யாரும் ஆச்சரியத்தோடு நிற்கவில்லை, ஆகவேண்டியதைப் பார்த்தார்கள். "ஒரு பத்து நிமிஷம் புடிங்கக்கா" என்று செல்போனை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். அவளும் இடுப்பில் கைக்குழந்தையோடு, அடுப்பை ஒரு கண்ணால் பார்த்தபடி, சார்ஜ் ஏற்றிக் கொடுத்தாள்.

வினை புருஷன் ரூபத்தில் வந்தது. சுரங்கத்துக் கல்லில் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவது அவர் வேலை. வித்தியாசமாக எதைக் கண்டாலும் துளி எடுத்துப் பையில் போட்டு, எடுத்த இடத்தில் சிவப்புக் கொடி நட்டால்தான் மனுஷனுக்குச் சோறு இறங்கும். மனைவியின் சீப்பில் சிக்கிய முடியையும், பாவி, அப்படியே அனுப்பிவிட்டு அடுப்படி வாசலில் கொடியை நட்டார். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, கைப்பழக்கம்.

அந்த முடியில் இருக்கும் கரண்ட் சுரங்கத்தையே தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று லேப் பதில் சொன்னது. அதிகாரிகள் வந்தார்கள். கொடி நட்ட இடத்தில் இருப்பது அரசாங்கச் சொத்து, சட்டம் அப்படி. குழந்தையை வெளியே தூக்கிக் கொடுத்துவிட்டு, அவளை உள்ளே வைத்து அடுப்படிக்கு முள்கம்பி வேலி போட்டார்கள். "ஐயா, அது என் பொண்டாட்டி" என்றார் சாம்பிள்காரர்.

"நாங்க இல்லேன்னா சொன்னோம்? கொடி நட்டது நீங்கதானே?" என்றார் பெரிய அதிகாரி, தன்மையாகத்தான்.

அவள் மணிக்கட்டில் வயரை மாட்டிய அன்றே ஊருக்குக் கரண்ட் வந்தது. மாவு மில் ஓடியது, ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜ் ஓடியது, மிச்சம் துறைமுகத்துக்கும் போனது. வருஷம் போகப் போக அவள் மெலிந்தாள். அப்புறம் பின்னால் இருந்த சுவர் அவள் வழியாகத் தெரிய ஆரம்பித்தது. பார்த்தவர்களுக்கு நெஞ்சடைத்தது, அடைத்தபடியே வீட்டுக்குப் போய் ஃபேனைப் போட்டுக்கொண்டார்கள். சாம்பிள்காரர் மட்டும் ஒரு ஸ்விட்சையும் தொடவில்லை. தான் எரிக்காத அளவுக்காவது அவள் மிஞ்சுவாள் என்று நம்பினார். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த மகள், இருட்டில் புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு படித்தாள்.

ஒரு சாயங்காலம் வேலிக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டாள். "என்னங்க, ஊர் பூரா என்னை எரிக்குது. நீங்க ஒருத்தர் எரிக்காட்டி நான் மிஞ்சிடப்போறேனா? லைட்டைப் போடுங்க. புள்ள கண்ணைக் கெடுக்காதீங்க."

அவர் அழுதுகொண்டேதான் போட்டார்.

இப்போது வேலிக்குள் பார்த்தால் அவள் இல்லை, வயர் மட்டும் தொங்குகிறது. கரண்ட் தடங்கலில்லாமல் வருகிறது, ஊரில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. மகள் தினமும் பாடத்தை முடித்துவிட்டு, "போதும்மா, நீ தூங்கு" என்று சொல்லித்தான் லைட்டை அணைக்கிறாள்.