தாழ்ப்பாள் இல்லாத வீடு

அப்பா இறந்த சில நாளிலேயே அம்மா வீட்டுக் கதவுகளின் உள்தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றிவிட்டாள், குளியலறைத் தாழ்ப்பாள் உட்பட. அப்பா எலக்ட்ரீஷியன். வீட்டில் ஸ்குரூ டிரைவருக்குப் பஞ்சமில்லை.

அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சித்தப்பா வந்ததும் முதல் வேலையாக, "யார் கேட்டாலும் மாரடைப்புன்னு சொல்லுங்க. இவளுக்கு நாளைக்கு ஒரு நல்லது நடக்கணுமில்ல" என்றார். இவள் என்பது சின்னு, முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரே மகள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அப்படியே சொன்னார்கள். சிலர் நம்பினார்கள். சிலர் நம்புகிற மாதிரி தலையாட்டினார்கள்.

சின்னுவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஜன்னல் இல்லாத பின்அறையில் லென்ஸைப் பிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்த வேண்டும். அம்மா ஓயாமல் போன் செய்வாள். இயந்திரச் சத்தத்தில் ஒன்று தவறிப்போனால் முதலாளியின் போன் அடிக்கும்.

"உங்கம்மாதான். நீ இருக்கியான்னு கேக்குறாங்க."

"இருக்கேன்னு சொல்லுங்க சார்."

குளிக்கப் போனால் அம்மா வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவாள். தண்ணீர்ச் சத்தம் நின்றால் போதும்.

"சின்னு?"

"சோப்பு போடுறேன்மா."

வேறு ஊரில் ஒரு பெரிய கடை இவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அதை வீட்டில் சொல்ல வாயே வரவில்லை. அம்மா மேல் எரிச்சலாக வரும். ஆனால் அடுத்த அறையில் அம்மாவின் அரவம் கொஞ்ச நேரம் கேட்காவிட்டால் இவளும் எழுந்து போய்ப் பார்ப்பாள். யாருக்கு யார் காவல் என்றே தெரியவில்லை.

ஒருநாள் கடைக்கு பிளம்பர் மாமா வந்தார். அப்பாவும் அவரும் ஒரே கட்டடங்களில் காலம் முழுக்க வேலை பார்த்தவர்கள். அவருடைய படிக்கிற கண்ணாடி காதில் நிற்காமல் வழுக்கியது. சின்னு முன்னால் வந்து கம்பியை வளைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"உங்கப்பன் கொடுத்து வெச்சவன்மா. கஷ்டப்படாம பொசுக்குன்னு போயிட்டான்."

"கஷ்டப்பட்டாரு மாமா" என்றாள். "எங்களுக்குத்தான் தெரியல. மாரடைப்பெல்லாம் இல்ல. அவரா பண்ணிக்கிட்டது."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது உறைத்தது. முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். மாமா நாற்காலியைக் கையால் துழாவி உட்கார்ந்தார். "உங்கம்மா எப்படி இருக்காங்க?" என்றார்.

எப்படி நடந்தது என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

"தூங்குறதில்ல. என்னையும் கண்ண விட்டு விடுறதில்ல."

"வந்து பாக்கட்டுமா?"

"கேட்டுச் சொல்றேன் மாமா."

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்ததை வீசினாள்.

"யாரைக் கேட்டு சொன்ன? செத்த மனுஷனைத் தெருவுல நிறுத்திட்டியே. ஊரே பேசும்டி."

"பேசட்டும்மா. நாம ரெண்டு பேரே இன்னும் பேசல."

அம்மா சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் இடிபட்டன. பிறகு கதவோரம் வந்து நின்றாள்.

"அவரு என்ன சொன்னாரு?"

"நீ எப்படி இருக்கேன்னு கேட்டாரு."

அம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். சாவு வீட்டில்கூடச் சத்தம் வராமல் அழுதவள், இப்போது வாய்விட்டு அழுதாள். "பக்கத்துலயேதானே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சின்னு அவளை ஒட்டி உட்கார்ந்தாள். "எனக்கு அவர் மேல கோவம்மா."

"எனக்கு மட்டும் இல்லியா?"

அதனால் அம்மா மாறிவிடவில்லை. மறுநாளும் போன் வந்தது. உண்மை வெளியே போனது தெரிந்து சித்தப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார். அந்தப் பெரிய கடையில் வேறு யாரையோ சேர்த்துக்கொண்டார்கள் என்று கேள்வி.

அம்மா வரச் சொன்னதால் மாமா ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லத் தெரியாமல், அப்பா ஒரு வீட்டில் வயரிங் முடித்த கதையைச் சொன்னார். மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே ஆசாரியை அலமாரி மாட்டச் சொல்லிவிட்டு, சுவிட்சைக் காணோம் என்று வீடெல்லாம் தேடினாராம். அம்மா சிரித்துவிட்டாள். உடனே, தப்பு செய்தவள்போலச் சின்னுவைப் பார்த்தாள்.

"அப்புறம் என்னாச்சு மாமா?" என்றாள் சின்னு.