வாங்க பெரியம்மா

லேபில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ரேடியோ.

ரத்த டியூப்கள் மேசைக்கு வந்தால் மற்றவர்கள் லேபிளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரேக்கில் செருகுவார்கள். அவளால் அது முடியாது. பெயரையும் வயதையும் வாய்விட்டுப் படித்து, முறை வைத்துக் கூப்பிட்டால்தான் கை நகரும்.

“வாங்க பெரியப்பா, நாலாவது சீட்டு உங்களுக்கு. குட்டி, நீ அக்கா பக்கத்துல உக்காரு.”

“பஸ் கெளம்பிருச்சு, படியில நிக்காதீங்க!” என்பார் மெஷின் பார்க்கும் அண்ணன். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் காது சிவந்துபோகும். ஆனாலும் அடுத்த டியூபைக் கூப்பிடாமல் இருக்க முடியாது.

வேதியியல் பட்டம் வாங்கி நான்கு வருடமாகிறது. பெயிண்ட் கம்பெனியில் பீக்கரோடு பேசுகிறாள் என்று அனுப்பிவிட்டார்கள். டியூஷன் சென்டரில் பிள்ளைகள் முன் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்த ஆஸ்பத்திரி லேப் மூன்றாவது இடம். வந்த இரண்டாம் மாதம் ஒரு டியூபைக் கையில் எடுத்து, “சித்தப்பா, உங்களுக்கு எதுக்குக் கர்ப்ப டெஸ்ட் எழுதியிருக்காங்க?” என்று கேட்டாள். வார்டில் சீட்டு மாறிப்போனது அப்படித்தான் பிடிபட்டது. அன்று வீட்டுக்கு நடந்து போகும்போதுதான், நமக்கான வேலை இதுவாகவே இருக்கலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது.

மூன்றாம் மாதக் கடைசியில் இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது.

“உன் பர்மனன்ட் ஆர்டர் என் டிராயர்ல இருக்கு,” என்றார் லேப் பொறுப்பாளர். “நாளைக்கு ஒரே ஒரு நாள் வாயத் தொறக்காம இரு, தாயே.”

அம்மாவும் விடவில்லை. “இதுவும் போச்சுன்னா நான் எங்கடி போய் முட்டிக்கறது? அந்தக் கிறுக்கக் கழட்டி வீட்டுலயே வச்சுட்டுப் போ.”

கழற்றி வைத்துவிட்டுப் போனாள். உதட்டைக் கடித்துக்கொண்டே நாள் முழுவதும் வேலை பார்த்தாள். யாருடைய கையையோ கடன் வாங்கி வேலை செய்வதுபோல் இருந்தது. வந்தவர்கள் திருப்தியாகப் போனார்கள். “ரேடியோவுல இன்னைக்குக் கரண்ட் இல்ல போல,” என்றார் மெஷின் அண்ணன். அவளும் சிரித்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு வெளிநோயாளிப் பிரிவிலிருந்து போன். “நேத்து ஒரு பொண்ணுக்குப் பொட்டாசியம் ஏழு புள்ளி ஒண்ணுன்னு குடுத்தீங்க. அவ்வளவு இருந்தா இதயமே நின்னுரும். அவ கல்லு மாதிரி திடமா நடந்து வரா. திரும்ப எடுத்தா நாலு புள்ளி ரெண்டு, நார்மல்!”

“டியூபப் போட்டுக் குலுக்கியிருப்பாங்க, அதான் ஏத்திக் காட்டியிருக்கு,” என்று பொறுப்பாளர் போனை வைத்துவிட்டார்.

அவள் ரெஜிஸ்டரைப் புரட்டினாள். நேற்று பதினொரு மணிக்கு ஒரே பெயரில் இரண்டு டியூப்கள். ஒன்று இருபத்திரண்டு வயது, வெளிநோயாளி; இன்னொன்று அறுபத்திரண்டு, பெண்கள் வார்டு. மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை மெஷினுக்கான சின்னக் கப்பில் ஊற்றி, அதற்கு லேபிள் ஒட்டியது அவள் கை. வாய் திறந்திருந்தால் ஒருத்தி தங்கச்சி, இன்னொருத்தர் பெரியம்மா. நேற்று இரண்டு பேருக்கும் வெறும் பெயர்தான் இருந்தது.

யாரையும் கேட்காமல் தானே பெண்கள் வார்டுக்குப் போன் செய்தாள்.

“அந்தம்மாவா? ரிப்போர்ட் நார்மல்னு நேத்து சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிட்டோம்மா,” என்றாள் நர்ஸ். “காலைல திரும்பத் தூக்கிட்டு வந்தாங்க. வர்ற வழியிலயே முடிஞ்சிருச்சு. ஏன் கேக்கறீங்க?”

ரிசீவரை வைத்தாள்.

அவள் போய்ச் சொன்னதைப் பொறுப்பாளர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். “அவங்களுக்கு ஏற்கெனவே கிட்னி போயிருந்தது. இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. வாய மூடிட்டு இரு, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.” பிறகு, “நாந்தான் உன்ன நேத்து...” என்று தொடங்கியவர் முடிக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பழைய டியூப்களை ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்திருப்பார்கள். தேடி எடுத்தாள். உள்ளங்கையில் சில்லென்று இருந்தது.

“வாங்க பெரியம்மா,” என்றாள். “அறுபத்திரண்டு வயசு. பெண்கள் வார்டு. ஒருவாட்டி திரும்பப் பாத்துருவோம்.”

மெஷின் அண்ணன் ஸ்டூலைத் தள்ளிப்போட்டு வழி விட்டார். திரையில் ஏழு புள்ளி ஒன்று வந்தது.

பிழை அறிக்கைப் படிவத்தை எடுத்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே நிரப்பினாள். தவறு செய்தவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரையும் அப்படியே படித்து எழுதினாள். பொறுப்பாளரின் மேசையில், அந்த டிராயருக்கு மேலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த ரேக் நிரம்பிக் காத்திருந்தது. அவளைப் போகச் சொல்லி இன்னும் யாரும் வரவில்லை. முதல் டியூபை எடுத்தாள். வயது அறுபத்தைந்து.

“வாங்க பெரிய...”

கண்ணைத் துடைத்துக்கொண்டு லேபிளை முதலிலிருந்து படித்தாள்.