நீலத் தண்ணீர் எந்தப் பக்கம் போனது

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. கம்பெனி வண்டியில் என் பக்கத்து இருக்கையில் வரும் ராதிகா சொன்னது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை எங்களுக்கு. அவள் தரப் பரிசோதனை, நான் கணக்கு. வண்டி நெரிசலில் நிற்கும்போதெல்லாம், தான் வீடு பார்க்கும் கதையைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"சாக்கடைய பத்தி யாரு சார் படிப்பாங்க?" என்றாள்.

அன்றிரவே இப்படித் தொடங்கினேன்:

ஒவ்வொரு வீட்டுக்கு அடியிலும் இன்னொரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்கு ஜன்னல்கள்

விட்டுவிட்டேன். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய். வீட்டுக்கு அடியில் இருப்பது குழாய்தான்.

2

குழாயிலிருந்தே தொடங்குகிறேன்.

ராதிகாவும் அவள் கணவன் மோகனும் ஐயப்பன்தாங்கலில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். மழை வலுத்தால் தெருச் சாக்கடை அவர்கள் குளியலறை வழியாகத் திரும்பி வரும். போன மழையில் கூடம் வரை வந்துவிட்டது. வடிந்தபின் ராதிகா வீட்டைக் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். நாற்றம் போனபிறகும் அவளுக்கு மட்டும் அது போகவில்லை.

மேனாம்பேட்டில் வேம்புலி என்பவரின் வீடு இருவருக்கும் பிடித்துப்போனது. இரண்டு அறை, பின்னால் ஒரு முருங்கை. வக்கீல் பத்திரம் பார்த்து நல்ல வார்த்தை சொல்லிவிட்டார். ராதிகாவுக்குப் போதவில்லை. கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தால்தான் அட்வான்ஸ் என்றாள்.

"பொண்ணு பாக்கப் போற எடத்துல எக்ஸ்ரே எடுப்பாங்களாடி?" என்று மோகன் சிரித்தான்.

"கொடலு செரியில்லன்னா அப்பால நாந்தானே கயுவணும்?"

வேம்புலி மறுக்கவில்லை. "தாராளமா பாரும்மா. தனி கனெக்‌ஷன். நேரா ரோட்டுக்குப் போவுது" என்றார்.

[முதல் வரைவில் வேம்புலியை ஏமாற்றுக்காரராக எழுதியிருந்தேன், திருட்டு முழி எல்லாம் கொடுத்திருந்தேன். படித்த ராதிகா, "அவரு அப்டி இல்ல சார். பொய் சொன்னாரு, ஆனா பொய்யின்னு அவருக்கே மறந்துட்ட மாரி சொன்னாரு" என்றாள். முழியை எடுத்துவிட்டேன்.]

3

கேமரா கொண்டுவந்தவர் கிருபாகரன். நீளமான கேபிளின் முனையில் சின்ன விளக்கும் கேமராவும். குழாய்க்குள் அது போகப் போக, கையிலிருந்த திரையில் ஈரமான இருட்டு நகர்ந்தது. ராதிகா கண் கொட்டாமல் பார்த்தாள்.

"மேடம், இது ரோட்டுக்குப் போல. இடது பக்கம் திரும்புது. காம்பவுண்டு செவுத்துக்கு அடீல பூந்து பக்கத்து ஊட்டுக்குள்ள போவுது."

உறுதி செய்துகொள்ள, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கழிப்பறையில் ஊற்றினார். நாலு வாளி தண்ணீரும் ஊற்றினார். தெரு மூடியைத் திறந்து பார்த்தார்கள். நீலம் வரவில்லை. வேம்புலி முருங்கையடியில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பக்கத்து ஊட்டு சேம்பர* தொறந்து பாத்தா தெரிஞ்சிரும்" என்றார் கிருபாகரன்.

ராதிகா போய்க் கேட்டாள்.

* குழாய்கள் வந்து கூடும் தொட்டி. தரையோடு கனத்த மூடி போட்டிருக்கும். இந்தக் கதையில் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது அதைச் சுற்றித்தான்.

4

பக்கத்து வீட்டில் பூங்காவனம் என்ற அம்மாள் இருந்தார். இட்லி மாவு அரைத்து விற்பவர். கிரைண்டரை வழித்த கையோடு வாசலுக்கு வந்தார்.

"யாரும்மா நீ?"

"பக்கத்து ஊட்ட வாங்கலாம்னு கீறோம். சேம்பர கொஞ்சம் தொறந்து..."

"எந்த ஊட்ட?"

ராதிகா கையைக் காட்டினாள்.

"விக்கிறானா?"

அந்த ஒரு சொல்லை அவர் எப்படிக் கேட்டார் என்று எழுத நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. 'குரல் உடைந்தது' என்றேன், உடையவில்லையாம். 'முகம் இருண்டது' என்றேன், அதுவும் இல்லையாம். "கையில இருந்த மாவ சீலைல தொடச்சிக்கினாங்க சார். நல்ல சீல. அவ்ளோதான்."

வேம்புலி பூங்காவனத்தின் உடன்பிறந்த தம்பி. அப்பா விட்டுப்போன மனையைப் பாதியாகப் பிரித்து ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டார்கள். பாதாளச் சாக்கடை வந்தபோது அக்கா வீட்டில்தான் இணைப்பு வாங்கினார்கள். தம்பி வீட்டுக் குழாயையும் அதிலேயே சேர்த்தார்கள். அப்போது ஒரே அடுப்பு மாதிரி இருந்தார்கள். பிறகு வேம்புலி தன் மகனுக்கு அக்கா மகளைக் கேட்டார். முறைதான். ஆனால் அந்தப் பெண் வேறொருவனைக் கட்டிக்கொண்டாள். சின்னஞ்சிறுசுகள் அவரவர் வழியில் போய்விட்டார்கள். பேச்சு நின்றது பெரியவர்களுக்குத்தான்.

பூங்காவனமே கடப்பாரை எடுத்துவந்து மூடியை நெம்பினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு குழாய் வாயில் நீலம் கசிந்து, தொட்டி முழுக்கப் பரவியது.

"இதுக்கு இன்னாத்துக்கு நீலம்? என்னாண்ட கேட்டா சொல்லப்போறேன். அவன் ஊட்டுத் தண்ணி எப்பவும் இங்கதான் வந்துகினு கீது."

"அடைச்சிக்காதாங்க?"

"மழைல அடைச்சிக்கும். அடைச்சா என் பக்கந்தான் பொங்கும். நாந்தான் லாரிய இட்டாந்து எடுப்பேன்."

"அவராண்ட சொல்லலியா?"

"பேச்சே இல்ல. இத்த வேற போய் சொல்லுவாங்களா?"

ராதிகா தயங்கித்தான் அடுத்ததைக் கேட்டாள். நாங்கள் வாங்கினால் இப்படியே விடுவீர்களா?

பூங்காவனம் நிமிர்ந்து பார்த்தார். "அவன் என் தம்பி. நீ யாரு?"

5

இங்கேதான் அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் வர வேண்டும். என் வரைவில் வேம்புலி ஓடி வந்து, தொட்டியருகே மண்டியிட்டு, "அக்கா, என்ன மன்

"ஐயோ சார்!" என்று ராதிகா வண்டியிலேயே சத்தம் போட்டாள். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நடந்தது இது. வேம்புலி மெல்ல வந்தார். வாசலுக்குள் வராமல் நின்றார்.

"எங்க போற?" என்றார் பூங்காவனம்.

"பையனாண்ட. நெமிலிச்சேரில."

"சொல்லல."

"நீ கேக்கல."

மூடியைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. பூங்காவனத்தால் தனியாக நகர்த்த முடியவில்லை. கிருபாகரன் குனிவதற்குள் வேம்புலி உள்ளே வந்து மறு ஓரத்தைப் பிடித்தார். மூடி பொருந்தி உட்கார்ந்தது. அவர் திரும்பி நடந்தபோது பூங்காவனம், "கைய கயுவிக்கினு போ" என்றார். அக்கா வீட்டுக் குழாயில் கை கழுவிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். மன்னிப்பு எதுவும் இல்லை.

6

போகும்போது கிருபாகரன் சொல்லிவிட்டுப் போனார்: ரோடு போட்டுப் போட்டு முன்தெரு உயர்ந்துவிட்டது, இந்த வீட்டுத் தண்ணீர் அங்கே ஏறாது. பூங்காவனம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத் தெரு ஒன்றுதான் வழி. குழாய் தன் மனை வழியே போகலாம் என்று அந்த அம்மாள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் வீடு. இல்லாவிட்டால் ஐயப்பன்தாங்கல் மாதிரி இன்னொன்று.

அந்த வாரம் ராதிகாவின் போன் ஓயவில்லை. "அக்கா கையெழுத்து போடுவாளான்னு நீ கேட்டுச் சொல்லும்மா" என்றார் வேம்புலி. "அவன் வந்து கேக்கட்டும், போடறேன்" என்றார் பூங்காவனம். இவர் சொன்னதை அவரிடமும், அவர் சொன்னதை இவரிடமும் சுமந்தாள் ராதிகா.

[இந்த இடத்தில் 'ராதிகாவே ஒரு குழாய் ஆகிவிட்டாள்' என்று எழுதி அடித்திருக்கிறேன். நீங்களே நினைத்துக்கொள்வீர்கள்.]

கடைசியில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "நடுவுல நான் நிக்க மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் பேசி வைங்க. ஞாயித்துக்கெழம வர்றோம்" என்று இருவரிடமும் சொல்லி வைத்துவிட்டாள்.

7

முடிவு ஒன்று: பூங்காவனம் கையெழுத்துப் போடுகிறார், ராதிகா பால் காய்ச்சுகிறாள். முடிவு இரண்டு: வேம்புலி வீட்டை விற்கவில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் சந்தோஷமாக இருந்தார், எனக்குத்தான் ஒட்டவில்லை. ஆகவே ராதிகா சொன்ன ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

வேம்புலி வீடு பூட்டியிருந்தது. அக்கா வீட்டுக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. பூங்காவனத்தின் குரல் அதைவிட உயரத்தில்.

"லாரிக்காரன் சும்மா வருவான்னு நெனச்சியா? உங்க மாமா செத்த வருசங்கூட நாந்தான் இட்டாந்தேன்!"

"சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டனா?"

"சாவுக்கே வரல, சாக்கடைக்கு வருவியா?"

"கேட்டாண்ட வந்து நின்னேன்க்கா! யாரும் உள்ள வான்னு சொல்லல!"

உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது. பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"நல்ல சண்ட சார்" என்றாள் ராதிகா. "அத்தினி வருசத்து சண்ட." கேட்கக் கேட்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததாம். கூடவே ஒரு பயம். இவர்கள் இப்படிச் சண்டை போட ஆரம்பித்துவிட்டால் அவர் எதற்கு நெமிலிச்சேரிக்குப் போக வேண்டும்? வீடு கைவிட்டுப் போய்விடுமே. வானம் வேறு கருத்திருந்தது.

மோகன் கேட் கொக்கியில் கை வைத்தான். "கூப்டட்டா? மழ வருது."

ராதிகா அவன் கையைப் பிடித்து எடுத்தாள்.

"இரு. அவங்க போட்டு முடிக்கட்டும்."

அவர்கள் உள்ளே போனபிறகு நடந்ததும் எனக்குத் தெரியும்; ராதிகா சொல்லிவிட்டாள். எழுதப்போவதில்லை. கொஞ்ச நேரம் நீங்களும் அந்தத் தெருவில் நின்று பாருங்கள். எப்போது கூப்பிடலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அப்போது கூப்பிடுங்கள்.