எடை ஏறிய வாரம்

"திருட்டுத்தனமா தின்னிருக்கா," என்றாள் நாத்தனார், கூடத்தில் கிடந்த எடை மிஷின்மேல் குனிந்தபடி. ஒரே வாரத்தில் மூன்று கிலோ ஏறியிருந்தது.

தம்பி பெண்டாட்டியான தையல்காரி எடை மிஷினைவிட்டு இறங்கினாள். எட்டு மாத வயிறு. கல்யாணத்துக்கு முன்பே அவள் கனத்த உடம்புக்காரிதான். போன மாதம் டாக்டரம்மா, ரத்தக் கொதிப்பு இருக்கிறது, உடம்பு கனமாக இருப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம் என்றாள். மாத்திரை எழுதினாள். தலை விடாமல் வலித்தால், கை, முகம் வீங்கினால் உடனே ஓடி வரச் சொன்னாள். கூடப் போன நாத்தனாரின் காதில் கனம் மட்டும்தான் விழுந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு வைத்தியர் அவளே. சோறு கஞ்சியானது, ஃப்ரிட்ஜில் பூட்டு தொங்கியது, எடை குறைந்தால் கொதிப்பு தானாக அடங்கும் என்று மாத்திரையும் நின்றது. பள்ளிக்கூடத்தில் அறிவியலில் முட்டை வாங்கியவளுக்கு அதற்குள் எத்தனை ஞானம்!

கஞ்சி குடித்தவளுக்கு எடை எப்படி ஏறும் என்று கேட்க அந்த வீட்டில் ஒரு மண்டைகூட இல்லை. காலையில் கத்தரிக்கோல் வளையத்துக்குள் அவள் கட்டைவிரல் நுழையவில்லை. முகம் உப்பிக் கண் இடுங்கியிருந்தது.

"இது வீக்கம் அண்ணி. தலை வேற பொளக்குது. கண்ணுல பூச்சி பறக்குது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"வீக்கமாம்! எல்லாம் கொழுப்பு. மாடிப்படி ஏறி எறங்கு, வேர்த்தா சரியாப் போகும்."

கணவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அக்கா உன் நல்லதுக்குத்தானே சொல்றா."

முதுகெலும்பை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் திரியும் இந்த ஆளுக்கா கழுத்தை நீட்டினோம் என்று அவளுக்கு வெறுத்துப்போனது. அழுகை வரவில்லை. இவர்கள் முன்னால் அழுவதுகூடத் தண்டம். பிள்ளைக்கு ஏதாவது ஆவதற்குள் டாக்டரம்மாவிடம் போய்விட வேண்டும். செருப்புக்குள் கால் புகவில்லை. வெறுங்காலோடு வாசலுக்கு நடந்தாள்.

"எங்க கெளம்பிட்ட? கடையில திங்கவா?"

"ஆமா அண்ணி. உங்களுக்கும் வாங்கிட்டு வரேன்."

தெருவில் வந்த ஆட்டோ அவள் கண்ணுக்குப் பாதிதான் தெரிந்தது. கம்பியைத் தடவிப் பிடித்து ஏறி, ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னாள். வண்டி கிளம்பியதும் புடவையை விலக்கி முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அது நிரம்பவில்லை. இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உள்ளேயிருந்து ஓர் உதைக்காகக் காத்திருந்தாள்.